பிரிக்காத பெட்டிக்குள் எவ்வளவு இலாபம்?

2021 டிசம்பரில் எங்கள் நானா கட்டாரிலிருந்து லீவில் வந்தார். அவர் கொண்டு வந்த பெரிய கார்ட்போட் பெட்டியை உம்மா வழமைபோல ஆவலோடு வெட்டித் திறந்தார். மேலே சவர்க்காரமும் சொக்லட்டும் கொஞ்சம் இருந்தன. அதற்குக் கீழே, பொலித்தீன் சுற்றி, உடுப்புகளால் அணைத்து வைத்த நான்கு விளையாட்டுப் பெட்டிகள் இருந்தன. பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று இணைத்து கார், கப்பல், வீடு என்று செய்யும் பெட்டிகள் அவை.

அப்போது ஆறு வயதாக இருந்த தம்பி ஓடி வந்து கார்ப் பெட்டியைக் கட்டிப் பிடித்தான்.

"அதத் தொறக்க வாணாம்! சீல் உடைஞ்சா வில போயிடும்" என்றார் நானா.

பிறகு எங்களை உட்கார வைத்து விளக்கினார். இந்தப் பெட்டிகளை இன்னும் கொஞ்ச நாளில் கம்பனி செய்வதை நிறுத்திவிடும். அதன் பிறகு விலை இரண்டு மடங்காகும், மூன்று மடங்காகும். ஒரு பெட்டி 730 ரியால். நான்கும் 2,920 ரியால். அன்று ஒரு ரியால் அண்ணளவாக 55 ரூபா என்பதால், எங்கள் கணக்கில் 160,600 ரூபா. "இது தங்கச்சிட படிப்புக்கு" என்று சொல்லி, பெட்டிகளை அலுமாரியின் மேல் அடுக்கினார்.

எங்கள் வாப்பா பேருவளை சீனங்கோட்டையில் மாணிக்கக்கல் தரகர். நானா தொலைபேசியில் காட்டிய விலைகளை எல்லாம் பார்த்துவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்: "கேட்ட வில வில இல்ல மகன். கைக்கு வந்த சல்லிதான் வில."

அன்று எனக்கு அது விளங்கவில்லை. இன்று நான் உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். பொருளியலும் கணக்கீடும் படித்த பிறகு, அந்த நான்கு பெட்டிகளின் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நானாவின் அனுமதியோடுதான் அதை இங்கே எழுதுகிறேன். எங்கள் பாடசாலையிலும் சிலர் பொம்மைகளை வாங்கி வைத்து விற்கலாம் என்று பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். அவர்களுக்கும், அவர்களுக்குக் காசு கொடுக்கும் பெற்றோருக்கும் இது உதவக்கூடும்.

ஓய்வு பெறும் பொம்மைகள்

இந்த வகை விளையாட்டுப் பொருட்களில் உலகம் அறிந்த பெயர் லெகோ. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் ஆரம்பித்த நிறுவனம் அது. முதலில் மரப் பொம்மைகள்தான் செய்தார்கள். இன்று நாம் காணும், ஒன்றில் ஒன்று இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது.

லெகோ ஒரு பெட்டியை எக்காலமும் விற்பதில்லை. சில வருடங்கள் விற்றுவிட்டு, உற்பத்தியை நிறுத்திவிட்டு, வேறு புதிய பெட்டிகளைக் கொண்டுவரும். அப்படி நிறுத்தப்பட்டதை 'ரிட்டயர்' ஆகிவிட்டது, அதாவது ஓய்வு பெற்றுவிட்டது, என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு அது வேண்டும் என்பவர் கடைக்குப் போக முடியாது. முன்பே வாங்கி, பிரிக்காமல் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

பொருளியல் பாடத்தில் இதைச் சொல்வதானால், நிரம்பல் வளையி நிலைக்குத்தாகிவிடுகிறது. விலை எவ்வளவு ஏறினாலும் நிரம்பல் கூடாது. கேள்வி மட்டும் கூடினால் விலை ஏறத்தான் வேண்டும். நானாவின் நம்பிக்கை இதில்தான் இருந்தது. அது முட்டாள்தனமான நம்பிக்கை அல்ல. மொஸ்கோவிலுள்ள உயர் பொருளியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் இருவர் 1987 முதல் 2015 வரை வெளிவந்த 2,322 லெகோ பெட்டிகளின் விலைகளை ஆராய்ந்தார்கள். மறுவிற்பனையில் சராசரியாக வருடத்துக்கு 11 வீதமளவு விலையேற்றம் கிடைத்ததாக அவர்கள் கண்டார்கள். இந்த 11 வீதத்தைத்தான் நானாவும் எங்கோ வாசித்திருந்தார்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. தனித்தனிப் பெட்டிகளை எடுத்துப் பார்த்தால், வருட விளைவு 50 வீத நட்டத்திலிருந்து 600 வீத இலாபம் வரை பரந்து கிடக்கிறது. ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளி 60 என்றால் அங்கே எல்லோரும் 60 எடுத்தார்கள் என்று அர்த்தமில்லையே. நாம் வாங்குவது சராசரியை அல்ல, அலுமாரியின் மேல் இருக்கும் அந்த ஒரு பெட்டியை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1980களிலும் 90களிலும் லெகோ வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதைப் பிள்ளைகளுக்குத்தான் வாங்கினார்கள். பிள்ளைகள் பெட்டியைக் கிழித்தார்கள், கட்டைகளைத் தொலைத்தார்கள், ஆசை தீர விளையாடினார்கள். அதனால்தான் பிரிக்காமல் மிஞ்சிய ஒன்றிரண்டு பெட்டிகள் அரிதாகின. ஒருவரின் பெட்டி அரிதாவதற்கு மற்றவர்கள் விளையாடி முடித்திருக்க வேண்டும். இன்று நானாவைப் போல ஆயிரக்கணக்கானோர் ஒரே பெட்டியை வாங்கிப் பிரிக்காமல் வைக்கிறார்கள். கடையில் இல்லாத அந்த நிரம்பல், கட்டில்களுக்குக் கீழும் அலுமாரிகளின் மேலும் ஒளிந்திருக்கிறது. விலை ஏறியதும் எல்லாம் ஒன்றாக வெளியே வரும்.

மீண்டும் வந்த தாஜ்மஹால்

நிரம்பல் வளையி நிலைக்குத்தாக இருக்கும் என்று சொன்னேன். அதை அசைக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். பொம்மையைச் செய்த கம்பனிதான் அவர்.

2008இல் லெகோ நிறுவனம் தாஜ்மஹால் பெட்டியை வெளியிட்டது. 5,922 துண்டுகள். அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 300 டொலர். அதுவரை வந்த லெகோ பெட்டிகளில் துண்டுகளின் எண்ணிக்கையால் மிகப் பெரியது அதுதான். சில வருடங்களில் அது நிறுத்தப்பட்டது. பிறகு பிரிக்காத தாஜ்மஹால் ஒன்றின் விலை 2,000 டொலரையும் தாண்டிப் போனது. பொம்மையை முதலீடாக வாங்கச் சொல்பவர்கள் எல்லோரும் உதாரணம் காட்டிய பெட்டி அது. அந்த உயர்ந்த விலைக்கும் வாங்கி, இன்னும் ஏறும் என்று வைத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

2017 நவம்பரில் லெகோ நிறுவனம் தாஜ்மஹாலை மீண்டும் வெளியிட்டது. பெட்டியின் இலக்கம் வேறு. துண்டுகள் 5,923, அதாவது பழையதைவிட ஒன்றே ஒன்று அதிகம். விலை ஏறத்தாழ 370 டொலர். கடையில் 370 டொலருக்குப் புதிதாகக் கிடைக்கும் ஒன்றுக்கு 2,000 டொலர் கொடுக்க யார் வருவார்கள்? பழைய பெட்டியின் விலை சரிந்தது.

கம்பனி தவறு ஏதும் செய்யவில்லை. அந்த வடிவமைப்பு அவர்களுடையது. விரும்பியபோது நிறுத்தலாம், விரும்பியபோது மீண்டும் செய்யலாம். இனி ஒருபோதும் செய்யமாட்டோம் என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பெட்டியை வாங்கியவர்கள்தான் அப்படி ஒரு வாக்கு இருப்பதாக எண்ணிக்கொண்டார்கள்.

அதே பெட்டியே திரும்பி வர வேண்டும் என்றும் இல்லை. ஸ்டார் வோர்ஸ் திரைப்படங்களில் வரும் மில்லேனியம் ஃபல்கன் விண்கலத்தின் பெரிய பெட்டி 2007இல் 500 டொலருக்கு வந்து, நிறுத்தப்பட்ட பின் பல மடங்கு விலை போனது. 2017இல் அதைவிடப் பெரிதான, 7,541 துண்டுகள் கொண்ட புதிய ஃபல்கன் 800 டொலருக்கு வந்தது. விளையாட விரும்புபவருக்கு புதியதே போதும். பழையதைத் தேடுவோர் தீவிர சேகரிப்பாளர்கள் மட்டும்தான் என்றாகிவிட்டது. கேள்வி சுருங்கியது.

எல்லோரும் ஒளித்து வைத்த கரடிகள்

இதற்கும் முன்பே, அமெரிக்காவில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. டை என்ற நிறுவனம் 1993இல் அறிமுகப்படுத்திய பீனி பேபிஸ் என்ற சின்னஞ்சிறு துணிப் பொம்மைகள்தான் அந்தப் பாடம். ஒன்றின் விலை ஏறத்தாழ 5 டொலர். உள்ளே பஞ்சும் பிளாஸ்டிக் மணிகளும். காதில் இதய வடிவில் ஓர் அட்டை.

நிறுவனம் ஒவ்வொரு பொம்மையாக 'ஓய்வு' கொடுத்தது. நிறுத்தப்பட்ட பொம்மைக்கு விலை ஏறியது. விலை ஏறியதைக் கண்டவர்கள் நிறுத்தப்படப் போகும் பொம்மைகளை முன்கூட்டியே வாங்கினார்கள். இன்ன பொம்மை இன்ன வருடத்தில் இவ்வளவு விலை போகும் என்று எதிர்வு கூறும் புத்தகங்கள் வந்தன. காதிலுள்ள அட்டை மடங்காமல் இருக்க அதற்கென்று பிளாஸ்டிக் உறை விற்றார்கள். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்த குடும்பங்களும் இருந்தன. 1999இல் லாஸ் வேகஸ் நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்ற ஒரு தம்பதி, தங்கள் பொம்மைகளைப் பங்கு பிரிக்க முடியாமல், நீதிமன்றத் தரையில் குந்தியிருந்து ஆளுக்கொன்றாகப் பொறுக்கினார்கள். அந்தப் புகைப்படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

அதே 1999இல், டிசம்பர் 31ஆம் திகதியோடு எல்லாப் பீனி பொம்மைகளையும் நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பின்னர் பொதுமக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, தொடர்ந்து செய்வதாகச் சொன்னது. ஆனால் அதற்குள் வாங்குபவர்களின் ஆர்வம் வடியத் தொடங்கியிருந்தது. விற்பவர்கள் பெருகினார்கள், வாங்குபவர்கள் குறைந்தார்கள். விலை விழுந்தது. மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, அன்று பொக்கிஷம் என்று பூட்டி வைத்த பொம்மைகளை இன்று சில டொலருக்கே வாங்கலாம்.

அந்தப் பொம்மைகளை இலாபத்துக்காக வாங்கியவர்களில் பலர், வேறொருவர் அதிக விலை தருவார் என்பதற்காக மட்டுமே வாங்கினார்கள். அந்த வேறொருவரும் அப்படித்தான் நினைத்தார். இறுதியில் பொம்மை பொம்மைக்காகவே வேண்டும் என்று சொல்ல எத்தனை பேர் மிஞ்சினார்களோ, அத்தனை பேருக்கு மட்டும்தான் அது விலை போனது.

பணமாகாத பணம்

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் போனது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். நான் அப்போது ஒன்பதாம் தரம். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரவில்லை. கல் விற்றால்தான் வாப்பாவுக்குத் தரகு, விற்காவிட்டால் ஒன்றுமில்லை. நானாவின் சம்பளமும் இரண்டு மாதம் தாமதமானது.

பெட்டிகளை விற்போமா என்று உம்மா கேட்டார். நானா தொலைபேசியில் சம்மதித்தார். ஆனால் யாரிடம் விற்பது? காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நிற்கும் நாட்டில், திறக்கவே கூடாத ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு எழுபதாயிரம் எண்பதாயிரம் ரூபா கொடுக்க யாரும் இருக்கவில்லை. கேட்ட ஒருவரும் பாதி விலைக்குக் கேட்டார். அடுத்த கிழமை உம்மா தன் காப்பில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வாப்பாவோடு கடைக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் காசோடு வந்தார்கள்.

கணக்கீட்டுப் பாடத்தில் 'திரவத்தன்மை' என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு உம்மாவின் வெறும் கைதான் ஞாபகம் வந்தது. ஒரு சொத்தை எவ்வளவு விரைவாக, எவ்வளவு குறைந்த இழப்போடு காசாக்கலாம் என்பதுதான் திரவத்தன்மை. காப்புக்கு அது இருந்தது. பெட்டிகளுக்கு இருக்கவில்லை. அவற்றின் விலையைத் தொலைபேசியில் பார்க்க முடிந்தது, அதைக் கொண்டு ஒரு கிலோ அரிசி வாங்க முடியவில்லை.

பெட்டிகளைப் பாதுகாப்பதும் இலகுவாக இருக்கவில்லை. எங்கள் ஊர் கடற்கரையோரம். உப்புக் காற்றும் மழைக்கால ஈரமும் அட்டைக்கு எதிரி. கரப்பான் பூச்சி, எலி, வெயில் பட்டு நிறம் மங்குதல் என்று ஒவ்வொன்றுக்கும் உம்மா காவல் இருந்தார். சேகரிப்பவர்களுக்கு உள்ளே இருக்கும் கட்டைகளைப் போலவே வெளிப்பெட்டியும் முக்கியம். ஒரு மூலை நசுங்கினாலும் விலை இறங்கும். கட்டைகள் நூறு வருடம் கெடாது. ஆனால் விலையைத் தீர்மானிப்பது ஒரு மெல்லிய அட்டை.

கைக்கு வந்த சல்லி

இங்கே வாங்குவோர் இல்லை என்பதால், 2024 இறுதியில் நானா அந்தப் பெட்டிகளை மறுபடியும் கட்டாருக்கே கொண்டு போனார். வழியில் கப்பல் பெட்டியின் மூலை ஒன்று நசுங்கிவிட்டது. 2025 ஆரம்பத்தில் இணையம் வழியாக நான்கையும் விற்றார். கணக்கு இதுதான்:

வாங்கிய செலவு: 2,920 ரியால்
விற்ற தொகை: 1,000 + 940 + 650 + 600 = 3,190 ரியால்
விற்பனைத் தளத்தின் தரகு, 12 வீதம்: 383 ரியால்
பொதி செய்தலும் கூரியரும்: 240 ரியால்
கைக்கு வந்தது: 2,567 ரியால்
நட்டம்: 353 ரியால்

விமானத்தில் மேலதிகப் பொதிக்குக் கட்டிய காசையும் சேர்க்கவா என்று கேட்டேன். "அத விடு தங்கச்சி" என்றார் நானா. விட்டுவிட்டேன்.

3,190 என்று பார்த்தால் இலாபம். 2,567 என்று பார்த்தால் நட்டம். நானா 2021இல் எங்களுக்குக் காட்டியது முதலாவது வகை இலக்கம். வாப்பா சொன்னது இரண்டாவது.

600 ரியாலுக்குப் போனது கார்ப் பெட்டி. அது நிறுத்தப்பட்டு இரண்டு வருடத்துக்குள் கிட்டத்தட்ட அதே மாதிரியான புதிய கார் கடைகளுக்கு வந்துவிட்டது. தாஜ்மஹாலின் கதைதான், சிறிய அளவில். 650க்குப் போனது மூலை நசுங்கிய கப்பல். விளம்பரத்தில் அந்த மூலையைக் காட்டாமல் படம் எடுக்கலாம் என்று ஒரு கூட்டாளி நானாவுக்குச் சொல்லியிருக்கிறார். நானா வாப்பாவைக் கேட்டார். "கல்லுல கீறல் இருந்தா நான் மறைப்பேனா? குறையச் சொல்லி வில், பரக்கத் இருக்கும்" என்றார் வாப்பா. நானா மூலையைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டார். அதை வாங்கியவர், தன் மகன் எப்படியும் இன்றைக்கே பெட்டியைக் கிழிக்கப் போகிறான், மூலை எப்படி இருந்தால் என்ன என்றாராம்.

இப்போது ரூபாவில் பார்ப்போம். இங்கேதான் ஒரு மயக்கம் இருக்கிறது. 2025 ஆரம்பத்தில் ஒரு ரியால் அண்ணளவாக 82 ரூபா. 2,567 ரியால் என்றால் 210,494 ரூபா. 160,600 ரூபாவுக்கு வாங்கியது 210,494 ரூபாவாகிவிட்டது. ஏறத்தாழ 50,000 ரூபா இலாபம்! உறவினர்கள் பலர் இன்றும் நானா பொம்மையில் உழைத்தார் என்றுதான் நினைக்கிறார்கள்.

ஆனால் நானா எந்தப் பெட்டியும் வாங்காமல் அந்த 2,920 ரியாலை ரியாலாகவே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2,920ஐ 82ஆல் பெருக்கினால் 239,440 ரூபா. அதாவது ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் 28,946 ரூபா கூடுதலாக இருந்திருக்கும். அந்த 50,000 ரூபா பெட்டிகள் உழைத்தது அல்ல. ரூபாவின் பெறுமதி விழுந்ததால் இலக்கம் பெரிதானது, அவ்வளவுதான். விலைவாசியும் சேர்ந்து ஏறிவிட்டதால், 2021இல் 160,600 ரூபாவுக்கு வாங்க முடிந்தவற்றை இன்று 210,494 ரூபாவுக்கு வாங்க முடியாது. அந்தக் காசு ரூபாவாக உண்டியலில் கிடந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான நன்றி ரியாலுக்குப் போக வேண்டும், பொம்மைக்கு அல்ல.

ஒன்றைத் தெரிவு செய்வதற்காக நாம் கைவிடும் அடுத்த சிறந்த தெரிவை அமையச் செலவு என்று படிக்கிறோம். இந்தக் கணக்கில் வராத அமையச் செலவு ஒன்றும் எங்கள் வீட்டில் இருந்தது. தம்பி மூன்று வருடம் அந்தக் கார்ப் பெட்டியின் படத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். ஆறு வயதில் அவன் அழுது கேட்ட பெட்டியை, கட்டாருக்குக் கொண்டு போகும்போது ஒன்பது வயதில் அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

போலியும் களவும்

விலை உயர்ந்த எதற்கும் இரண்டு நிழல்கள் உண்டு. ஒன்று போலி, மற்றது களவு.

சீனாவில் லெபின் என்ற பெயரில் லெகோ பெட்டிகளை அச்சு அசலாகப் பிரதி செய்து மலிவாக விற்றார்கள். 2019இல் ஷங்ஹாய் பொலிஸார் அந்தத் தொழிற்சாலையைச் சோதனையிட்டுச் சிலரைக் கைது செய்தார்கள். 2020இல் பிரதான குற்றவாளிக்கு ஆறு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் பிரதிகள் அதோடு ஒழிந்துவிடவில்லை. பெட்டியைத் திறக்காமல் விற்பதுதான் இந்த வியாபாரத்தின் அடிப்படை. அப்படியானால் உள்ளே இருப்பது அசல்தானா, ஏன், உள்ளே கட்டைதான் இருக்கிறதா என்பதை வாங்குபவர் எப்படி அறிவார்? பிரித்துப் பார்த்தால் விலை போய்விடும். பிரிக்காவிட்டால் உண்மை தெரியாது.

களவும் அப்படித்தான். 2024இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து திருடப்பட்ட 2,800க்கு மேற்பட்ட லெகோ பெட்டிகளைப் பொலிஸார் மீட்டார்கள். கடைகளில் களவெடுத்து மறுவிற்பனைக்கு வைத்திருந்தவை அவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ரசீது இல்லாத பெட்டியை வாங்குபவர், தனக்குத் தெரியாமலேயே களவுப் பொருளை வாங்கிவிடலாம்.

வாங்க முன் ஐந்து கேள்விகள்

இன்று லெகோவின் இடத்தில் லபுபு வந்திருக்கிறது. பல்லைக் காட்டிச் சிரிக்கும் அந்தப் பொம்மையை நம் மாணவிகளின் பைகளிலும் காணலாம், அசலோ போலியோ. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆளுயர லபுபு ஒன்று ஏலத்தில் பத்து லட்சம் யுவானுக்கு மேல் விலை போனது. அந்தச் செய்தி எல்லோருக்கும் தெரியும். அதே மாதத்தில் பொப் மார்ட் நிறுவனம் சாதாரண லபுபுகளை அதிகமாகச் சந்தைக்கு விட்டதும் அவற்றின் மறுவிற்பனை விலை இறங்கியது. அந்தச் செய்தி பலருக்குத் தெரியாது.

ஆசைக்கு ஒரு பொம்மை வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. விளையாட வாங்கினால் விளையாடியதே இலாபம். விலை விழுந்தாலும் நாம் இழப்பது ஒன்றுமில்லை. ஆனால் விற்று உழைக்க என்று வாங்குவதானால், காசைக் கொடுக்க முன் இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி விடை காணுங்கள்.

முதலாவது, இதே பொருளைக் கம்பனி மறுபடியும் செய்தால் என் நிலை என்ன?

இரண்டாவது, என்னைப் போல எத்தனை பேர் இதைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள்?

மூன்றாவது, அவசரத்துக்கு ஒரு கிழமைக்குள் விற்க வேண்டி வந்தால் இதை நான் இருக்கும் ஊரில் யார் வாங்குவார், என்ன விலைக்கு? விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள்.

நான்காவது, தரகு, கூரியர், பொதி, சேதம் எல்லாம் கழித்த பின் கைக்கு எவ்வளவு வரும்? அதே காசை வேறு வழியில் வைத்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும்?

ஐந்தாவது, இந்தக் காசு முழுவதும் போனாலும் வீட்டில் எதுவும் நின்றுவிடாதா? பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் வைத்த காசாக இருந்தால், மற்ற நான்கு கேள்விகளையும் கேட்கவே வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு வியாபாரம் செய்யப் பார்க்கிறேன் என்றால் உடனே ஏசி அனுப்பிவிடாதீர்கள். வாப்பா அன்று நானாவை ஏசவில்லை. பிறகு நட்டம் வந்தபோதும் நான் சொன்னேன்தானே என்று சொல்லவில்லை. அதனால்தான் நானா முழுக் கணக்கையும் ஒளிக்காமல் என்னிடம் தந்தார். ஏச்சுக்குப் பயந்து மறைத்திருந்தால், பொம்மையில் உழைத்தவர் என்று நானும் இன்றுவரை நம்பியிருப்பேன்.

நான் இந்தக் கட்டுரையை எழுதிய மடிக்கணினி அந்த 210,494 ரூபாவில் வாங்கியது. நினைத்ததைவிடக் கொஞ்சம் மலிவானதைத்தான் வாங்க முடிந்தது, ஆனாலும் நன்றாக வேலை செய்கிறது. நானா இப்போது எதிலாவது காசு போட நினைத்தால், முதலில் எனக்கு ஒரு வட்ஸ்அப் வருகிறது: "தங்கச்சி, இத ஒருக்கா கணக்குப் பாரு."

மாணவி
க.பொ.த. உயர்தரம், வர்த்தகப் பிரிவு